ஒரு தட்டுன்னா பொறு

வாங்க பிரதர், உள்ள வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போயிர மாட்டாங்க. திருப்பூர்ல இருந்து பஸ்லயா வந்தீங்க? ஞாயித்துக்கெழமை காலைல அவினாசி ரோடு காலியாத்தான் இருந்திருக்கும். உக்காருங்க. ஃபேன் போதுமுங்களா?

இதாங்க அந்தச் சண்டை கேம் ஆடற ஸ்டிக்கு. தூக்கிப் பாருங்க, என்ன கனம்னு. எட்டு பட்டனும் நல்லா இருக்கு, ஒரு கீறல் கெடையாது. ரெண்டு வருசமா தொடவே இல்லீங்க, துணி போட்டு மூடி அலமாரிக்கு மேல வெச்சிருந்தோம். வெலைய அப்பறம் பேசிக்கலாம், அதுல நமக்குள்ள ஒரு தகராறும் வராது. மொதல்ல காப்பி குடிங்க. சுகி, ரெண்டு காப்பி. என்னம்மா? ஆமா, சக்கரை போட்டே கொண்டா.

என்னங்க, அவ போன பக்கமே பாக்கறீங்க? சந்தேகப்படாதீங்க, அவளேதான். அந்த வீடியோவுல இருக்கற சுகிர்தா அவதான். என் வீட்டுக்காரி.

நீங்களும் பாத்திருக்கீங்க. சொல்லாட்டியும் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. இந்தச் சண்டை கேம் ஆடறவங்க யாருதான் பாக்கல. அப்ப கீழ இருக்கற கமெண்டும் படிச்சிருப்பீங்க. "நீலச் சட்டைக்காரன் மேடையேறுனான், ஆட்டம் போச்சு." அப்படித்தானே? அந்த நீலச் சட்டை நான்தாங்க. பேரு நவநீதன். கைகுடுங்க.

அந்த வீடியோ இருவது நிமிசம். இருவது நிமிசத்தப் பாத்துட்டு ஒருத்தன் எழுதறான், "புருசனா, பிரேக்கா"ன்னு. எங்க கதை அஞ்சு வருசங்க. அஞ்சு வருசத்தையும் கேட்டுட்டு நீங்க எழுதுங்க, நான் ஒத்துக்கறேன்.

நான் சரவணம்பட்டில ஒரு கால் சென்டர்ல க்வாலிட்டில இருக்கேனுங்க. அதாவது மத்தவங்க கஸ்டமர்கிட்டப் பேசின காலை ஒக்காந்து கேட்டு, தப்பு எங்கன்னு குறிச்சு, மார்க் போடறது. பதினோரு வருசமா அதே வேலை. சுகி அங்க போன் பேசற எடத்துல இருந்தா. கஸ்டமர் வாயத் தொறந்து முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிருவா. சரியான பதிலாத்தான் இருக்கும், அத நான் மறுக்கல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லீங்க? கேக்கணும், ஒரு நொடி விடணும், அப்பறம் பேசணும். அறுவத்தெட்டு போட்டேன். அடுத்த நாளு என் சீட்டுக்கே வந்துட்டா. "டேய், யார்றா அது அறுவத்தெட்டு போட்டவன்?" அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமே.

நாலாவது மாடில ஆபீஸ்காரங்க ஒரு ரூமு விட்டிருந்தாங்க. கேரம் போர்டு, ஒரு டிவி, அதுல இந்தச் சண்டை கேமு. பிரேக்ல பசங்க வரிசை கட்டி நிப்பாங்க, ஜெயிக்கறவங்க ஒக்காந்தே இருக்கலாம், தோத்தவங்க எந்திரிக்கணும். பொம்பளைப் புள்ள இவ ஒருத்திதான். போனதும் மடமடன்னு ஆறு பேர எந்திரிக்க வெச்சிருவா, ஏழாவது ஆளுகிட்டப் போயி விழுவா. தெனமும் இதே கதை. நான் பின்னாடி நின்னு பாப்பேன். ஏன் விழறான்னு எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். இந்த ஆட்டத்துல மூணே மூணு விசயந்தான். அடி, பிடி, அப்பறம் கார்டு, அதாவது கையக் குறுக்க வெச்சுத் தடுக்கறது. அடிக்க வர்றவன கார்டு தடுத்துரும். கார்டு போட்டு ஒக்காந்திருக்கறவன பிடிச்சுத் தூக்கி எறிஞ்சறலாம். பிடிக்க வர்றவன ஒரே அடில சாய்ச்சறலாம். அவ்வளவுதான். இதுல இவ அடி ஒண்ணைத்தான் வெச்சிருந்தா. அடிப்பா, அடிப்பா, அடிச்சுட்டே போவா. எதிராளி தடுத்துட்டான்னா ஒரு நொடி இவ கை வெறுமனே நிக்கும் பாருங்க, அந்த நொடில திருப்பிக் குடுத்துருவான். நான் ஆறு மாசம் பாத்தேனுங்க. எவன் எப்ப அடிக்கறான், எப்பப் பதுங்கறான், எல்லாத்தையும் ஒரு ஷீட்ல போட்டு வெச்சிருந்தேன்.

நானா? நான் ஆடுனா ஒரு ரவுண்டு தாங்காதுங்க. அடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்குள்ள படுத்திருப்பேன். கை வராது. அவளுக்குக் கை இருந்துச்சு, எனக்குக் கண்ணு இருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கணும்னு சட்டமா?

அந்த ரூமுல ஒரே கூச்சல், வாயில சொன்னா காதுல விழுகாது. அதனால அவ சேருக்குப் பின்னாடி நின்னு, முதுகுப் பலகைல வெரலால தட்டுவேன். ஒரு தட்டுன்னா பொறு, கார்டு போடு. ரெண்டு தட்டுன்னா போ, அடி. மொதல்ல "டேய், பேசாம நில்லுடா, எரிச்சலா இருக்கு"ன்னுதான் திட்டுனா. ஒரு நாளு ரொம்பக் கேவலமாத் தோத்துட்டு, "சரி, தட்டித் தொலை, பாக்கலாம்"ன்னா. அன்னிக்கு ஏழாவது ஆளும் எந்திரிச்சான், எட்டாவதும் எந்திரிச்சான், பிரேக் முடிஞ்சு மணியடிக்கற வரைக்கும் அவள எந்திரிக்க வைக்க ஆளில்ல. நான் இட்டுக்கட்டலைங்க, எங்க ஆபீஸ்ல யார வேணாக் கேளுங்க.

ஆ, காப்பி வந்துருச்சு. எடுத்துக்கங்க. என்னம்மா, பிஸ்கட்டா? வை, வை. இல்லீன்னா வேண்டாம், சாப்பாட்டு நேரமாச்சு. வேண்டாம் சுகி.

பாத்தீங்களா, இப்ப ஒண்ணுன்னாலும் கேட்டுத்தான் செய்வா.

அப்பறம் கல்யாணம் ஆச்சு. அவளுக்குத் தாராபுரம், எனக்குக் கவுந்தப்பாடி. ரெண்டு வீட்டுலயும் ஒண்ணும் சொல்லல. இந்த ஸ்டிக்கு கல்யாணத்துக்கு ஆபீஸ் பசங்க எல்லாம் சேந்து வாங்கிக் குடுத்ததுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் சேர்ல தட்டறதில்ல, தோள்லயே தட்டுவேன். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் போட்டி, சேலத்துல ஒண்ணு, பாலக்காட்டுல ஒண்ணு. மூணுலயும் மொதப் பரிசு. மூணுலயும் நான் பின்னாடி நிக்கறேன், என் கை அவ தோள்ல. அந்த வீடியோவெல்லாம் யாரும் பாக்க மாட்டானுக.

அப்பறம் வந்துச்சு சென்னை. மெட்ராஸ்ல பெரிய ஹால், மேடை, லைட்டு, பக்கத்துல ரெண்டு பேர் மைக்குல ஆட்டத்த வெவரிச்சுட்டே இருக்கறது. அதுல ஜெயிச்சா மணிலா. அங்க நடக்கற போட்டிக்கு எல்லா நாட்டுக்காரங்களும் வருவாங்க. சுகிக்கு அதுதான் கனவு. சேலம், பாலக்காட்டைத் தாண்டாத புள்ள, "மணிலால கடல் எந்தப் பக்கம்டா இருக்கும்"ன்னு மேப்பப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாப்பா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயி பாஸ்போர்ட்டே எடுத்துட்டு வந்துட்டா. இன்னும் ஒரு ரவுண்டுகூட ஆடல, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேட்டேன். "ஜெயிச்சதுக்கு அப்பறம் எடுக்க நேரமிருக்காதுடா"ன்னா. அந்த அவசரம் இருக்கு பாருங்க, அதத்தான் நான் அஞ்சு வருசமாச் சொல்லிட்டிருக்கேன்.

அங்க போனா, அந்தப் போட்டி நடத்தற பொண்ணு சொல்லுது, ஆடறவங்களுக்குப் பின்னாடி யாரும் நிக்கக் கூடாதாம். கம்பி நட்டுக் கயிறு கட்டிருக்காங்க, கயித்துக்கு இந்தப் பக்கந்தான் நாங்க. ஆடறவங்க காதுல பெரிய ஹெட்போனு, வெளிச் சத்தம் ஒண்ணும் கேக்காது. நான் போயி சண்டை போட்டேனுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆளு மாதிரி மேடம், இது எங்க முறைன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "ஒரே ஒரு டைம் அவுட் உண்டு சார், ஒரு நிமிசம், அப்ப வந்து பேசுங்க"ன்னுச்சு. சுகி என்ன சொன்னா தெரியுமுங்களா? "விட்றா, பாத்துக்கலாம்"ன்னா. ரொம்ப லேசாச் சொல்லிட்டுப் போயிட்டா.

லீக் ஆட்டமெல்லாம் எப்படியோ தாண்டிட்டா. அதுல வந்தவனுக சுமாரான ஆளுக, நான் இல்லீன்னாலும் நடந்திருக்கும். ஃபைனல்ல எதிர்ல ஷிபின்னு ஒரு கொச்சிக்காரன். அவன் ஷீட்டு எங்கிட்ட மூணு பக்கத்துக்கு இருந்துச்சு. யாரு மொதல்ல மூணு ஆட்டம் ஜெயிக்கறாங்களோ அவங்களுக்கு மணிலா.

மொத ஆட்டம் சுகி ஜெயிச்சா. எப்படி ஜெயிச்சா? ஆரம்பத்துல இருந்து அவன் மேலயே விழுந்து, மூச்சு விட விடாம அடிச்சு. நடுவுல திடீர்னு நின்னா பாருங்க, ஒரு நொடி. அவன், சரி இவ ஓஞ்சுட்டான்னு பிடிக்க வர்றான், வந்தவன எத்தி எறிஞ்சா. அந்த ஒரு நொடி நிக்கறத அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? எனக்கு இன்னும் தெரியாதுங்க. நான் கயித்துப் பக்கத்துல நின்னு கம்பிய ஒரு தட்டு தட்டுனேன், ஆனா அது அவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்ல.

ரெண்டாவது ஆட்டமும் ஜெயிச்சா. ஹால்ல அத்தனை பேரும் "சுகி, சுகி"ன்னு கத்தறாங்க. அவ தலைய அண்ணாந்துட்டு வாய்விட்டுச் சிரிச்சாங்க. போட்டி நடக்கறப்ப, எதிராளி பக்கத்துலயே ஒக்காந்திருக்கறப்ப. நானும் அஞ்சு வருசமா அவகூட இருக்கேன், மறைச்சு என்ன ஆகப்போகுது, அப்படி ஒரு சிரிப்ப எங்கிட்டச் சிரிச்சதில்ல. ஒரு தடவைகூடத் திரும்பி என்னையப் பாக்கல. நான் நின்னுட்டிருக்கறதே மறந்து போச்சு அவளுக்கு.

டைம் அவுட் கேட்டது நான்தான்.

ஏன் கேட்டேன்? நீங்களே சொல்லுங்க, ரெண்டு ஆட்டம் கைல இருக்கு. இன்னும் ஒண்ணு போதும். இனிமே அவனுக்கு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, இழக்கறதுக்கு இருக்கறது எங்களுக்குத்தான். அந்த நேரத்துல வெறியாட்டம் ஆடுனா, கைல இருக்கறது போயிருமா போயிராதா? அதச் சொல்லத்தான் போனேன். மேடையேறிப் போயி, ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிட்டு, "இதுவரைக்கும் அதிர்ஷ்டம் சுகி, அவன் உன்னையப் படிச்சுட்டான், இனிமே கார்டு போடு, அவன் வரட்டும், கெடைச்சதக் காப்பாத்திக்க"ன்னேன். சொல்லிட்டுத் தோள்ல ஒரு தட்டுத் தட்டுனேன். அவ்வளவுதான். ஒரு நிமிசங்கூட ஆகல.

அந்த எடத்துல அவ மூஞ்சி மாறுதுன்னு எழுதிருக்கானுக. அத மட்டும் வெட்டி எடுத்து, மெதுவா ஓட்டி, மேல ஏதோ சோகப் பாட்டு வேற போட்டிருக்கான் ஒருத்தன். அது லைட்டுங்க. ஆட்டம் இல்லாதப்ப மேடை லைட்ட மங்கலாக்குவாங்க, அதனால அப்படித் தெரியுது.

மூணாவது ஆட்டம் போச்சு. நாலாவதும் போச்சு. அவ நான் சொன்னபடிதான் ஆடுனா, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். கார்டு போட்டா. ஆனா கார்டு போடறதுலயும் ஒரு உயிர் வேணுமில்லீங்க? அவன் தெரிஞ்சுட்டான், இவ அடிக்க மாட்டான்னு. நடந்து வர்றான், பிடிக்கறான், எறியறான். எந்திரிக்கறா, கார்டு. நடந்து வர்றான், பிடிக்கறான். ஹால்ல கத்திட்டிருந்தவங்க எல்லாம் ஒக்காந்துட்டாங்க.

அஞ்சாவது ஆட்டம், கடைசி ரவுண்டு. அவனுக்கு உயிர்க்கோடு ஒரு நூலளவுதான் இருந்துச்சு. ஒரு சுண்டு சுண்டுனா விழுந்துருவான். இவளுக்குப் பாதிக்கு மேல இருக்கு, சக்தி முழுசா ரொம்பி மின்னிட்டிருக்கு, ஒரே ஒரு பட்டன். பன்னெண்டு நொடி பாக்கி. சும்மா கார்டு போட்டு நின்னாலே நேரம் முடிஞ்சு, உயிர் ஜாஸ்தி இருக்கறவங்க ஜெயிச்ச கணக்கு. நின்னா. அவன் வந்து பிடிச்சு எறிஞ்சான். எந்திரிச்சா, நின்னா. மறுபடி எறிஞ்சான். அப்பத்தாங்க அவ திரும்புனா. திரையப் பாக்காம, தலையத் திருப்பி, கயித்துப் பக்கம் என்னையப் பாத்தா. நாலு நொடி இருக்கறப்ப யாராவது திரும்புவாங்களா? ஆறு மாசக் கொழந்தைகூடத் திரும்பாது. அந்த நேரத்துல மூணாவது தடவை எறிஞ்சான். முடிஞ்சு போச்சு.

நான் தட்டுனேன் பிரதர். அவ பாத்தப்ப கம்பிய ரெண்டு தட்டு தட்டுனேன். போ, அடின்னு. ரெண்டு தட்டுதான். வீடியோவுல என் கை தெரியாது, அதனால அவனவன் வாய்க்கு வந்தத எழுதறான். ரெண்டு தட்டுதாங்க தட்டுனேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

அடுத்த நாளு பகல் ரயில்ல திரும்பி வந்தோம். அரக்கோணம் தாண்டுச்சு, காட்பாடி தாண்டுச்சு. சேலத்துல இறங்கிச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியாந்து, தயிர்சாதம் வேணுமா, எலுமிச்சை சாதம் வேணுமான்னேன். என்னையப் பாத்து, "நான் எதச் சாப்பிடட்டுங்க?"ன்னா. முன்னாடி எல்லாம் 'டேய்'தான், 'வாடா போடா'தான், எங்கம்மா முன்னாடியே கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்குவா. அன்னிக்குச் சேலத்துல ஆரம்பிச்சதுதான் இந்த 'ங்க'. எங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. "சென்னை போயிட்டு வந்ததும் புள்ளைக்குப் பக்குவம் வந்துருச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க.

நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோசமாக்கூட இருந்துச்சு. கொழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கட்டும்னு கேப்பா. பச்சைப் பொடவையா, மஞ்சளான்னு கேப்பா. போன் பேசற வேலைய விட்டுட்டு, பேசவே வேண்டாத எடத்துக்கு மாத்தி வாங்கிக்கட்டுமான்னு கேட்டா, சரின்னேன். இப்ப அவள ஆடிட் பண்ணுனா நூத்துக்கு நூறு போடலாம். ஒரு தப்புக் கெடையாது.

ஆனா சில நேரம் பயமா இருக்குதுங்க. போன வாரம் ரோடு தாண்டறோம். நான் தாண்டிட்டேன், அவ நடுவுல நிக்கறா. லாரி வருது. ஓடி வர வேண்டியதுதான, இல்லாட்டிப் பின்னாடி போக வேண்டியதுதான. என்னையவே பாத்துட்டு நிக்கறா. கத்துனேன், அப்பறந்தான் வந்தா. கேட்டா, "நீங்க ஒண்ணும் சொல்லலையே"ங்கறா.

டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு என்னைய வெளிய ஒக்காரச் சொல்லிட்டு அவகூட அரைமணி நேரம் பேசுனாரு. என்ன பேசுனாருன்னு கேட்டா, "எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டாருங்க"ங்கறா. நீ என்ன சொன்னேன்னேன். "எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்னேன்"ங்கறா.

உங்ககிட்ட உண்மையச் சொல்லிர்றேன் பிரதர், திருப்பூர்ல இருந்து வந்திருக்கீங்க. இந்த ஸ்டிக்க விக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வெளம்பரம் போட்டதே அவ வேண்டாம்னு சொல்லுவான்னுதான். டேய், அது என்னோடது, கைய வெச்சா வெட்டிருவேன்னு ஒரு வார்த்தை. அதக் கேக்கத்தான் போட்டேன். வித்துரலாமா சுகின்னேன். "சரிங்க"ன்னா. போட்டோ எடுத்துக் குடுன்னேன். நாலு பக்கமும் தொடைச்சு, வெளிச்சத்துல வெச்சு, அழகா எடுத்துக் குடுத்தா. நீங்க போன் பண்ணுனப்ப ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துலயே வெச்சுப் பேசுனேன். வெங்காயம் உரிச்சுட்டே இருந்தா.

இருங்க, டிவில கேமப் போடறேன், ஒரு வேலை செய்யலாம். நீங்க எப்படியும் சோதிச்சுப் பாக்கணுமில்லீங்களா? நீங்க இந்தச் சாதா கன்ட்ரோலரைப் புடிங்க, ஸ்டிக்க அவ புடிக்கட்டும். அவ கைல இருக்கறப்பப் பாத்தாத்தான் அதோட அருமை தெரியும். சுகி, இங்க வாம்மா. இவருகூட ஒரு ரவுண்டு ஆடு. ஆமா, இந்தச் சேர்லதான். ஒக்காரு.

அதே ஆளைத்தான் எடுத்திருக்கா பாருங்க, செவப்புக் கச்சை கட்டுன பொண்ணு. கை மறக்கலைங்க. சரி, ஆரம்பிங்க. பொம்பளைன்னு பாக்காதீங்க, நல்லா அடிங்க.

ம். தடுத்துட்டா. அதையும் தடுத்துட்டா. கீழ அடிச்சீங்க, அதையும். அடேங்கப்பா, அது எவ்வளவு வேகமான உதை, அதையுமா? பிடிங்க இப்ப. பாத்தீங்களா, பிடியவே தட்டி விட்டுட்டா, ரெண்டு வருசம் தொடாத கைங்க இது! மறுபடி பிடிங்க. அதுவும் போச்சு. இந்தக் கை அன்னிக்கு இருந்திருந்தா நாங்க மணிலால இருந்திருப்போம்.

ஏன் நிறுத்திட்டீங்க? ஆடுங்க. என்ன, அவளா அடிக்கட்டும்ங்கறீங்களா? அதுவும் சரிதான். சுகி, அவரு சும்மா நிக்கறாரு பாரு. முப்பது நொடி இருக்கு. உனக்குத் தோணுனதப் பண்ணு. என்னையப் பாக்காத, திரையப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல.

இருவது.

சுகி, சும்மாதாம்மா நிக்கறாரு. கார்டே போடல. கை ரெண்டையும் மடில வெச்சுட்டாரு மனுசன்.

என்னால முடியலைங்க. இருங்க. இதா, ரெண்டு தட்டு.

அடிச்சா! பாத்தீங்களா, ஒரே உதை. எவ்வளவு சுத்தமா… ஏம்மா, நிறுத்திட்ட? தொடர்ந்து அடி. ஓ, மறுபடி கார்டுக்குப் போயிட்டா. ரெண்டு தட்டு தட்டுனதுக்கு ஒரே ஒரு உதை. நான் கைய எடுத்துர்றேன், பாருங்க, பாக்கெட்ல விட்டுட்டேன். நீயா ஆடு கண்ணு. அஞ்சு நொடி இருக்கு. ஒரே ஒரு அடி, எனக்காக வேண்டாம், நீயா.

முடிஞ்சுருச்சு. அந்த ஒரு உதைக்கு ஜெயிச்சதாப் போட்டிருக்கான். ஒரு அடிகூட வாங்காம ஜெயிச்சுருக்கா. இதத்தாங்க நான் ஆசைப்பட்டேன், அஞ்சு வருசமா இதத்தான் சொல்லிக் குடுத்தேன்.

பிரதர், மன்னிச்சுக்கங்க. நான் விக்கல. உங்க பஸ் செலவ நான் குடுத்தர்றேன், தப்பா நெனைக்காதீங்க. இது இந்த வீட்டுலயே இருக்கட்டும். அவ என்னிக்காவது…

என்ன சுகி, ஒயர எதுக்குக் கழட்டற? நான் சொன்னது கேக்கலையா, விக்கலைன்னேன். எங்க போறே?

பாருங்க, பீரோவுக்குப் பின்னாடி இருந்து பெட்டி எடுத்துட்டு வர்றா. அளவாப் பெட்டி. உள்ள தெர்மாகோல் வெட்டி, ஸ்டிக்கு ஒக்கார்ற மாதிரி குழி பண்ணி வெச்சிருக்கா. எப்பப் பண்ணுன? நான் ஆபீஸ் போனதுக்கு அப்பறமா? இத நான் சொல்லலைங்க, சத்தியமாச் சொல்லல. சுகி, வேண்டாம்மா, டேப் ஒட்டாத. வேண்டாம்னு சொல்றேன். ஏம்மா, உங்கிட்டத்தான் சொல்லிட்டிருக்கேன், ஒரு தடவை என்னையப் பாரு. யாரு உன்னைய இதப் பண்ணச் சொன்னா?

வாங்காதீங்க பிரதர். அவ நீட்டுனா நீங்க வாங்கணுமா? வாங்கிட்டீங்க. வெலைகூட இன்னும் பேசலையே. என்ன சுகி சொல்ற? சும்மாவா? வெச்சுக்கச் சொல்றியா?

சரிங்க. எடுத்துட்டுப் போங்க. அவ உங்ககிட்ட என்னமோ சொல்றா, கேட்டுக்கங்க. மூணாவது பட்டனு கொஞ்சம் இறுக்கமா இருக்குமாம், பயப்படாம அழுத்தணுமாம். ரெண்டு வருசத்துல அவ வெளியாளுகிட்ட இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்லைங்க. படில பாத்து எறங்குங்க, லிஃப்ட் வேலை செய்யல. பெட்டிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்க.

பாருங்க, கதவப் புடிச்சுட்டு நிக்கறா. நீங்க போற வரைக்கும் பெட்டியையே பாக்கறா. சுகி? என்னம்மா, சொல்லு. மனசு மாறிருச்சா? சொல்லு கண்ணு, இப்பச் சொன்னாலும் அவரக் கூப்பிடறேன், பாதிப் படிலதான் நிக்கறாரு. எதுவா இருந்தாலும் சொல்லு.

கேட்டீங்களா பிரதர்? கதவச் சாத்தட்டுங்களான்னு கேக்கறா.